மடவைக் குடாவின் மாண்பு காத்த விதி ஏழு (ஆ)

மனித குலம் இதுவரை நடத்தியிருக்கும் மாபெரும் விவாதங்கள் மூன்று. பூமி உருண்டையா தட்டையா என்பது ஒன்று. மன்னர் பெரியவரா மக்கள் பெரியவர்களா என்பது இரண்டு. ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், போர்ட் டார்ப்லி நகரசபைக்கு உட்பட்ட மடவைக் குடாவில், ஒரு படகு தன் நங்கூரத்தை எங்கே போடலாம் என்பது மூன்று. முதல் இரண்டும் சில நூற்றாண்டுகளில் ஒருவாறு முடிந்துபோயின. மூன்றாவதற்குப் பதினோரு கூட்டங்கள், இரண்டு துணைக் குழுக்கள், ஒரு கள ஆய்வு, ஒன்பது தட்டு எலுமிச்சைப் பை என்கிற பலகாரம் ஆகியவை தேவைப்பட்டன. அத்தனைக்கும் கூட்டக் குறிப்பு எழுதிய கை இந்தக் கை.

என் பெயர் வெண்டல் கிராப். 'நீர்வழி மாண்புக் காப்பு ஆலோசனைக் குழு'வின் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது, வாக்கும் கிடையாது. கூட்டம் தொடங்கும் முன் நாற்காலி போடும் உரிமையும், முடிந்த பின் அவற்றை மடக்கும் உரிமையும் உண்டு.

மடவைக் குடாவைச் சுற்றி முப்பத்தொரு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீரைப் பார்த்த கண்ணாடிச் சுவர். ஒவ்வொன்றுக்கும் மரத்தாலான படகுத்துறை. ஒவ்வொரு துறையிலும் ஒரு படகு, தண்ணீர் பட்டுவிடாதபடி இயந்திரத்தால் தூக்கி அந்தரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். இந்த வீட்டுக்காரர்கள் புத்தாண்டு கழிந்ததும் வடக்கிலிருந்து வருவார்கள்; ஈஸ்டருக்கு முன் போய்விடுவார்கள். நகரசபைப் பதிவேட்டில் இவர்களுக்கு 'நிரந்தரக் குடியிருப்பாளர்கள்' என்று பெயர்.

மீதி ஒன்பது மாதமும் குடாவின் மொத்த மக்கள்தொகை இரண்டு. ஒன்று நான், வாய்க்கால் முனையில், கண்ணாடிச் சுவர் இல்லாத, முப்பத்திரண்டாவது வீட்டில். இன்னொன்று டார்லா பிக்கன்ஸ். இருபத்தேழு அடி நீளப் பாய்மரப் படகில், குடாவின் நட்டநடுவில், பதினான்கு ஆண்டுகளாக இருந்தாள். பதிவேட்டில் இவளுக்கு 'தற்காலிகமாக நங்கூரமிட்டவர்' என்று பெயர்.

டார்லாவுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். ஓய்வு பெற்றதும் கிடைத்ததை வைத்து 'மிஸ் பியூலா' என்ற இந்தப் படகை வாங்கினாள். இரண்டு வருஷமாகக் கூடவே ஒரு கோழி. நாள் முழுக்கத் தளத்தில் இப்படியும் அப்படியும் நடந்து யாரையாவது அதட்டிக்கொண்டே இருந்ததால் அதற்குப் 'பிரின்சிபால்' என்று பெயர் வைத்திருந்தாள்.

இப்படி அமைதியாக இருந்த குடாவின் மாண்புக்கு ஆபத்து வந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் ட்ரூமன் ஸ்டாக்டேல். மிச்சிகனில் முப்பத்தைந்து வருஷம் பல் வைத்தியம் பார்த்தவர். எங்கே பார்த்தாலும் அங்கே ஒரு சொத்தை இருக்கும் என்ற நம்பிக்கையுடன் பார்ப்பவர். எங்கள் குழுவின் முதல் கூட்டத்துக்கே, கோல்ஃப் ஆடுபவர்கள் குழி எவ்வளவு தூரம் என்று அளக்கிற லேசர் கருவியோடு வந்து சேர்ந்தார்.

“காலையில ஒம்பது மணிக்கு, என் வீட்டுத் துறையிலேர்ந்து இருநூத்திப் பன்னெண்டு அடி. மத்தியானம் மூணேகாலுக்கு நூத்தி நாப்பத்தெட்டு அடி. மேடம், அந்தப் பொம்பளை முன்னேறிக்கிட்டே வராங்க!”

தலைவி மாவிஸ் ஹார்க்னெஸ் அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அப்புறம்?”

“சாயங்காலம் பின்வாங்கிட்டாங்க. எனக்குக் கவலையே அதுதான். இதுல ஏதோ திட்டம் இருக்கு.”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: “டாக்டர், கடல் தண்ணி ஏறும்போது படகு ஒரு பக்கம் திரும்பும், எறங்கும்போது மறுபக்கம் திரும்பும். நங்கூரம் ஒரே எடத்துலதான் கெடக்கு. ஒலகத்துல நங்கூரம் போட்ட படகு எல்லாம் அப்படித்தான்...”

அம்மையார் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டினார். “செயலாளர் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. குறிப்பு மட்டும் எழுதுங்க.”

எழுதினேன்: 'இவ்விவகாரத்தில் சந்திரனின் பங்கு குறித்துத் துணைக் குழு பரிசீலிக்கும்.'

“அது மட்டுமா?” என்றார் அம்மையார். “துணி காயப்போடறாங்களே, அதைச் சொல்லுங்க. படகு திரும்புதுல்ல? காலையில உங்க பக்கம், சாயங்காலம் எங்க பக்கம். நேத்து நான் டீ குடிக்க ஒக்காந்தா, நேர் எதிர்ல பூப்போட்ட நைட்டி!”

“எனக்கு வந்தது பழுப்புக் கலர் உள்பாவாடை,” என்றார் டாக்டர். அவர் குரல் தழுதழுத்தது.

“முன்மொழிகிறேன்,” என்றார் பெரிய லன்க்விஸ்ட்.

“வழிமொழிகிறேன்,” என்றார் சின்ன லன்க்விஸ்ட்.

எதை என்று யாரும் கேட்கவில்லை. லன்க்விஸ்ட் சகோதரர்கள் எங்கள் குழுவின் மற்ற இரு உறுப்பினர்கள். ஓஹையோவில் கதவுக் கீல் வியாபாரம் செய்தவர்கள். ஒருவர் முன்மொழிவார், மற்றவர் வழிமொழிவார். வேறு பேச்சுக் கிடையாது. ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் காலை உணவின்போது வாயைத் திறப்பதில்லை. காரணம், எங்கள் மாநிலத்தின் பெருமைக்குரிய 'வெயில் சட்டம்'. குழு உறுப்பினர் இருவர், குழுவின் காரியம் எதையும் கூட்டத்துக்கு வெளியே தமக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. பேசுவதெல்லாம் முன்னறிவிப்போடு, மக்கள் முன்னிலையில், வெட்டவெளிச்சமாகத்தான். கடையில் தக்காளி பொறுக்கும்போது எதிரே இன்னொரு உறுப்பினர் வந்தால் எங்கள் அம்மையார் வெங்காயக் கூடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவ்வளவு நேர்மை.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் பிப்ரவரியில் நடந்தது. வந்தவர்கள் நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். மேடைமேல் ஒரு சின்ன விளக்குக் கம்பம்: பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் முடிக்கலாம், சிவப்பு என்றால் ஜனநாயகம் முடிந்தது என்று பொருள். ஓர் அம்மாள் கடற்பசுக்களின் சார்பில் பேசினார். ஒருவர் கடற்பசுக்களுக்கு எதிராகப் பேசினார். இன்னொருவர் வேறு ஏதோ கூட்டம் என்று நினைத்து வந்து, தன் தெருவில் குப்பை வண்டி வருவதில்லை என்று மூன்று நிமிடம் கண்ணீர் விட்டார். அதையும் படகுக்கு எதிரான கருத்தாகக் கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக டார்லா வந்தாள். கையில் கூடை, கூடைக்குள் பிரின்சிபால்.

“பேரு, முகவரி சொல்லுங்க,” என்றார் அம்மையார். பச்சை விளக்கு எரிந்தது.

“டார்லா பிக்கன்ஸ். மடவைக் குடா.”

“குடாங்கறது முகவரி இல்ல. கதவு எண் வேணும்.”

“கதவு ஒண்ணுதான் இருக்கு. எண்ணு எதுக்கு?”

“எண் இல்லாம பேசறவங்க அட்டையைப் பூர்த்தி பண்ண முடியாது.”

“அப்ப ஒண்ணுன்னு போட்டுக்கோங்க.”

“ஒண்ணாம் நம்பர் என் வீடு!” என்றார் அம்மையார், நெஞ்சில் கை வைத்து.

இது தீர்வதற்குள் மஞ்சள் வந்துவிட்டது. டார்லா கூடையைக் கீழே வைத்தாள்.

“நான் ஒண்ணும் பெருசாக் கேக்கல. எனக்கு முட்டி போயிடுச்சு. இந்தக் குடாவுக்குள்ள அலை இல்ல, அதனால நிக்க முடியுது, நடக்க முடியுது, ஒரு வாய் காப்பி சிந்தாம குடிக்க முடியுது. வெளிய கால்வாயில நின்னா பெரிய படகு போற ஒவ்வொரு தடவையும் அலை தூக்கிப் போடும். நகரசபைப் படகுத்துறையில எடம் கேட்டா எட்டு வருஷம் காத்திருக்கணுமாம். எட்டு வருஷம் நான் இருப்பேனோ, கோழி இருக்குமோ! எனக்கு வேற எடம் இல்ல. நான் யாருக்கு என்ன எடஞ்சல் பண்ணேன்? இங்க ஒக்காந்திருக்கறவங்க நெறையப் பேருக்கு என்னை நல்லாத் தெரியும்...”

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஆச்சரியம், அந்த நேரம் பார்த்துப் பலருடைய காலணிக் கயிறுகள் அவிழ்ந்துவிட்டன. டாக்டர் ஸ்டாக்டேல் இரண்டு கயிறுகளையும் கட்டினார்.

“வேணாம், விடுங்க,” என்றாள் டார்லா. சிவப்பு எரிந்தது. பிரின்சிபால் மட்டும் கூடைக்குள்ளிருந்து தொடர்ந்து பேசிற்று. அனுமதியின்றிப் பேசியதாக அதைக் குறிப்பில் ஏற்றினேன்.

அடுத்து, கள ஆய்வு. தூரத்தை நேரில் போய் அளப்பது என்று தீர்மானம். லன்க்விஸ்ட் சகோதரர்களின் தட்டையான மிதவைப் படகை இரண்டு வருஷத்துக்குப் பிறகு தண்ணீரில் இறக்கினோம். குழு முழுவதும் ஏறியது. ஐஸ் பெட்டி, உருளைக்கிழங்கு சாலட், லேசர் கருவி, கொடி எல்லாம் ஏறின. குடாவின் நடுவே வந்ததும் அம்மையார் கையை உயர்த்தினார். எஞ்சினை நிறுத்தினோம். பெரிய லன்க்விஸ்ட் நங்கூரத்தைத் தலைக்கு மேல் தூக்கி, பல வருஷம் இதற்காகவே காத்திருந்தவர்போல் வீசினார்.

நங்கூரம் போயிற்று. அதன் பின்னால் கயிறு போயிற்று. கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கயிற்றின் மறுமுனையும் எங்கள் கண் முன்னால் படகின் விளிம்பைத் தாண்டி, மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கிற்று.

விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

“மறுமுனைய எங்க கட்டியிருந்தீங்க?” என்று கேட்டேன்.

“கட்டணுமா?” என்றார் பெரிய லன்க்விஸ்ட்.

“வழிமொழிகிறேன்,” என்றார் சின்ன லன்க்விஸ்ட், பழக்க தோஷத்தில்.

எஞ்சினைத் திருகினார்கள். ஒரு இருமல் இருமிவிட்டு அது ஓய்ந்தது. இரண்டு வருஷம் அந்தரத்தில் தொங்கிய பேட்டரி. தண்ணீர் வடிந்துகொண்டிருந்த நேரம் அது. குடாவின் வாயை நோக்கி, கடலை நோக்கி, நீர்வழியின் மாண்பைக் காக்கும் குழு கொடியோடு மிதந்து போகத் தொடங்கிற்று. அம்மையார் சுத்தியலைத் தேடினார். டாக்டர் அளந்தார். “கரை இருநூத்தி அறுவது... இருநூத்தி எம்பது... முந்நூறு! வெண்டல், கரை பின்வாங்குது!”

அப்போதுதான் டார்லா தன் குட்டிப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். எங்கள் படகின் மூக்கில் ஒரு கயிறு கட்டினாள். மறுமுனையைத் தன் படகில் கட்டினாள். பிறகு பெரிய லன்க்விஸ்ட்டிடம் அதைத் தொட்டுக் காட்டினாள்.

“பாத்தீங்களா அண்ணாச்சி? ரெண்டு பக்கமும் கட்டணும்.”

அரை மணி நேரம் இழுத்துக் கரை சேர்த்தாள். வழியில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கை அவித்த நிலக்கடலை கொடுத்தாள். டாக்டர் கடலையை மென்றபடியே லேசர் கருவியை அவள் மேல் திருப்பினார்.

“நாலு அடி!” என்று கூவினார். “குழுவுக்கும் அந்தப் படகுக்கும் நடுவுல நாலே நாலு அடி! எழுதுங்க வெண்டல்!”

எழுதினேன்: 'ஆய்வின்போது சம்பந்தப்பட்டவர் குழுவை அச்சுறுத்தும் நெருக்கத்தில் வந்ததோடு, குழுவைத் தன் விருப்பப்படி இழுத்துச் சென்றார்.' ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஆனாலும் கள ஆய்வால் ஒரு சிக்கல் வந்தது. இத்தனை அடிக்குள் நங்கூரமிடக் கூடாது என்று விதி போட்டால், டார்லாவின் நங்கூரத்தோடு, குடாவின் அடியில் கிடந்த எங்கள் நங்கூரமும் மாட்டிக்கொள்ளும். ஒன்பதாவது கூட்டத்தில் டாக்டர் எழுந்து, விவாதத்தையே புரட்டிப் போட்ட அந்த உண்மையைச் சொன்னார்.

“யோசிச்சுப் பாத்தேன் மேடம். படகு பிரச்சினையே இல்ல. படகு அழகாத்தான் இருக்கு. என் மனைவி அதைப் படம்கூட வரையறா. அதுக்குள்ள ஆள் இருக்கு பாருங்க, அதுதான் பிரச்சினை.”

அறை சிலிர்த்தது. அதைச் சட்டமொழியில் வடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நாற்காலி மடக்குகிறவனிடம் யாரும் அதுவரை எதையும் வடிக்கச் சொன்னதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன்.

விதி ஏழு (ஆ): 'ஆள் வசிக்கும் எந்த மிதவையும் குடாவில் நிற்கலாகாது. மிதவையில் ஆள் காணப்பட்டால், அவர் அதில் வசிப்பதாகவே கொள்ளப்படும். ஆள் இல்லாத மிதவைக்கு இவ்விதி பொருந்தாது.'

கை தட்டினார்கள். சின்ன லன்க்விஸ்ட் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு வார்த்தை சொன்னார்: “பிரமாதம்.” நகரசபை எங்கள் பரிந்துரையை ஒரு சொல் மாற்றாமல் ஏற்றது. படித்ததற்கும் அடையாளம் இல்லை. அந்த வாரமே ஈஸ்டர் வந்தது. முப்பத்தொரு வீடுகளும் பூட்டப்பட்டன. நிரந்தரக் குடியிருப்பாளர்கள் வடக்கே போனார்கள்.

பத்து நாள் அவகாசம் கொடுக்கும் அறிவிப்பை நானே துடுப்புப் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். டார்லா அதை இரண்டு தடவை படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். காப்பி போட்டாள்.

“எழுத்து உன்னுதா வெண்டல்?”

“ம்.”

“நல்லா எழுதியிருக்க. ஒரு பிழை இல்ல.” பிறகு உள்ளே போய் ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். உள்ளே சாவிகள். பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் வெள்ளை ஒட்டுத்தாளில் வீட்டு எண்.

“என்னது இது?”

“வீட்டுச் சாவிங்க. அவங்க இல்லாதப்ப ஏசி ஓடுதா, கொழாய் ஒழுகுதா, நீச்சல் குளத்துல முதலை எறங்கிடுச்சான்னு பாத்துக்கச் சொல்லிக் குடுத்தது. நடுவுல இருக்கேன்ல? எல்லா வீடும் தெரியும். போன வருஷம் பதினேழாம் நம்பர்ல முதலை வந்துச்சே, உனக்கு ஞாபகம் இல்ல? தொடப்பத்தால வெரட்டுனேன்.”

“ஒன்பதாம் நம்பர்... டாக்டர் வீடு!”

“மொத மொதல்ல குடுத்தவரே அவருதான். அடுத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னாரு. ஒவ்வொருத்தரும் அப்படித்தான் சொன்னாங்க.”

“கூட்டத்துல சொல்லியிருக்கலாமே டார்லா! அத்தனை பேரும் அங்கதானே ஒக்காந்திருந்தாங்க!”

“வாக்குக் குடுத்துட்டேனேப்பா. அதுவுமில்லாம மூணு நிமிஷத்துல பத்தொம்பது பேரு பேரைச் சொல்ல முடியுமா? முகவரிக்கே ரெண்டு நிமிஷம் போயிடுச்சு.”

 வெட்கமாக இருந்தது. உள்ளபடியே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படுவதற்குச் செயலாளரின் கடமைகளில் இடம் ஒதுக்கப்படவில்லை. ஆகவே டப்பாவுக்கு முறையாக ஒரு ரசீது எழுதிக் கொடுத்தேன். கரைக்கு வந்ததும் 'சான்றுப் பொருள் எண் 14' என்று சீட்டு ஒட்டி, குழுவின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்; சாவிக்குரிய பத்தொன்பது பேருக்கும் தனித்தனியே தகவல் அனுப்பினேன்.

பத்தாம் நாள் காலை, தண்ணீர் வடியும் நேரம் பார்த்து, மிஸ் பியூலா குடாவை விட்டுப் போயிற்று. பிரின்சிபால் பின்பக்கம் நின்று என்னை அதட்டிக்கொண்டே போயிற்று.

குடா சுத்தமாயிற்று. இரண்டே மாதத்தில் அதற்கும் ஒரு புகார் வந்தது. வீடு விற்றுக் கொடுக்கும் டாஃப்னி க்ரெய்ன் என்ற பெண்மணி, கையில் வழவழப்பான தன் விளம்பரப் புத்தகத்தோடு என் வாசலில் வந்து நின்றாள்.

“சார், அட்டைப் படத்தைப் பாருங்க. சூரியன் மறையுது, நடுவுல பாய்மரப் படகு. இதைப் பாத்துத்தான் எல்லாரும் வாங்கினாங்க. இப்ப வர்றவங்க, 'படகு எங்க?'ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?”

“அதை நாங்க வெளியேத்திட்டோம்மா.”

“படகையா?”

“ஆளை. படகும் கூடவே போயிடுச்சு.”

அவள் புத்திசாலி. விதி ஏழு (ஆ)வைப் படித்தாள். அடுத்த வாரமே எங்கிருந்தோ ஒரு பழைய பாய்மரப் படகைக் கொண்டுவந்து, டார்லா இருந்த அதே இடத்தில் நங்கூரம் போட்டாள். தானாக மாலை ஆறு மணிக்கு எரிந்து பத்து மணிக்கு அணையும் விளக்கு வைத்தாள். தளத்தில் ஒரு நாற்காலி, நாற்காலி முதுகில் ஆணியடித்த வைக்கோல் தொப்பி. கயிற்றில் நான்கு துணிகள்கூடக் காயப்போட்டாள். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. ஆள் இல்லை. முழுக்க முழுக்கச் சட்டபூர்வம். டாக்டர் மிச்சிகனிலிருந்து தன் வீட்டுக் கேமராவில் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார்: 'இப்போதுதான் குடா குடாவாக இருக்கிறது.'

ஆகஸ்டு பதினான்காம் தேதி பிற்பகல், நான் நடந்து போகும்போது ஒன்பதாம் எண் வீட்டின் முன்கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கசிவு அல்ல. படிகளில் இறங்கி, பூச்செடிகளைச் சுற்றிக்கொண்டு, குடாவை நோக்கி ஒரு ஓடையாகவே ஓடிற்று. அதன்மேல் வீட்டுக்குள் போடும் செருப்பு ஒன்று மிதந்து வந்தது. டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“கதவைத் தெற வெண்டல்! என் சாவியை எடுத்துத் தெற!”

“டாக்டர், அது சான்றுப் பொருள் எண் பதினாலு. குழுத் தீர்மானம் இல்லாம வெளிய எடுக்க முடியாது. அந்த விதியக் கொண்டுவந்ததே நீங்கதான்.”

“அப்ப தீர்மானம் போடு!”

“கூட்டம் கூட்டணும். ஏழு நாள் முன்னறிவிப்பு வேணும். மூணு பேராவது நேர்ல வரணும். எல்லாரும் வடக்க இருக்கீங்க.”

“நான் மாவிஸுக்குப் போன் பண்றேன்!”

“பண்ணாதீங்க! குழு விஷயத்தை ரெண்டு உறுப்பினர் போன்ல பேசினா வெயில் சட்டப்படி குத்தம்.”

மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்னணியில் யாரோ அழுதார்கள். அவர் மனைவியாக இருக்கலாம். அந்த அம்மாள் வரைந்த ஓவியங்கள் எல்லாம் அந்த வீட்டின் தரையில்தான் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

“வேற யாருக்காவது உங்க வீட்டைப் பத்தித் தெரியுமா டாக்டர்?”

“வந்து...” என்று இழுத்தார்.

“டார்லாவுக்குத் தெரியும்,” என்றார் கடைசியில், மிகவும் சின்னக் குரலில். “அவங்களைக் கூப்பிடேன், வெண்டல்.”

கூப்பிட்டேன். வெளியே கால்வாயிலிருந்து அரை மணி நேரம் துடுப்புப் போட்டு வந்தாள். முட்டியில் கட்டு, நெற்றியில் ஒரு தழும்பு. குட்டிப் படகைத் துறையில் கட்டிவிட்டு, கதவுப் பக்கமே போகவில்லை. வீட்டின் பக்கவாட்டில் அரளிச் செடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினாள். உள்ளே கையை விட்டு ஒரு திருகு திருகினாள். தண்ணீர் நின்றுவிட்டது.

“இதுக்கு எதுக்குப்பா சாவி?” என்றாள். “தண்ணி வெளியிலேர்ந்துதானே உள்ள போகுது.”

நான் பக்கத்திலேயே நின்று ஒரு மணி நேரமாகச் சட்டம் பேசிக்கொண்டிருந்தவன். பேச்சை மாற்றினேன்.

“நெத்தியில என்ன?”

“போன வாரம் ஒரு பெரிய படகு போச்சு. அலை தூக்குச்சு, அடுப்புல போய் மோதிக்கிட்டேன். பிரின்சிபாலும் முட்டை போடறத நிறுத்திடுச்சு. சத்தமே இல்ல, ஒரு மூலையில போய் ஒக்காந்துக்குது.” அவள் குடாவைத் திரும்பிப் பார்த்தாள். “ஏம்பா, என் எடத்துல யாரோ தொப்பி போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காங்களே? யாரு அது?”

“யாரும் இல்ல. ஆணி அடிச்சு வச்சிருக்கு.”

“துணி?”

“அதுவும் சும்மா.”

டார்லா சிரிக்க ஆரம்பித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, துறையின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வந்து பதினோரு நிமிடத்தில் கிளம்பிவிட்டாள்.

ஜனவரி வந்தது. நிரந்தரக் குடியிருப்பாளர்கள் வந்தார்கள். குழுவின் பன்னிரண்டாவது கூட்டத்தில் முதல் பொருள், மடவைக் குடாவுக்கு 'மிகவும் மாண்புமிக்க நீர்வழி' என்ற விருதை எங்களுக்கு நாங்களே வழங்கிக்கொள்வது. நிறைவேறிற்று. இரண்டாவது பொருள், அத்துமீறல்கள். செயலாளர் எதையும் மறைக்கக் கூடாது என்பது விதி. எழுந்து படித்தேன்: 'ஆகஸ்டு பதினான்கு, பிற்பகல் மூன்றேகால். குடாவில் ஒரு குட்டிப் படகு. பதினோரு நிமிடம். வந்தவர் டார்லா பிக்கன்ஸ். ஒன்பதாம் எண் வீட்டில் வெள்ளத்தை நிறுத்தினார்.'

 எல்லாரும் டாக்டர் ஸ்டாக்டேலைப் பார்த்தார்கள். அவர் மெல்ல எழுந்தார். புதுத் தரை போட்ட வீட்டிலிருந்து புதுக் காலணியில் வந்திருந்தார். தொண்டையைக் கனைத்தார். நான் பேனாவை மூடிவிட்டேன்; அவர் சொல்லப்போவதை எழுதாமல் காதால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

“எத்தனை அடி?” என்றார்.

“புரியல டாக்டர்.”

“என் துறையிலேர்ந்து எத்தனை அடி தூரத்துல நின்னாங்க?”

“துறையிலயே கட்டினாங்க. பூஜ்யம் அடி.”

“பூஜ்யம்!” என்றார் டாக்டர், சபையைச் சுற்றிப் பார்த்து. “நான் அப்பவே சொன்னேன், முன்னேறி வராங்கன்னு!”

“முன்மொழிகிறேன்.”

“வழிமொழிகிறேன்.”

நான்கு கைகள் உயர்ந்தன. அம்மையார் சுத்தியலைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “அறிவிப்பு இன்னைக்கே போகட்டும், வெண்டல். குத்தம் என்னன்னு தெளிவா எழுதுங்க. போன தடவை மாதிரி அழகா.”

எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை. இந்தக் குடாவைச் சுற்றி வருஷத்தில் ஒன்பது மாதம் காலியாய் நிற்கும் முப்பத்தொரு வீடுகளையும், நடுவில் தொப்பியோடு நிற்கும் காலிப் படகையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தெளிவாகத்தான் எழுதினேன்:

'குற்றம்: உள்ளே ஆள் இருந்தது.'

எழுதிய கை இந்தக் கை.